வேலை கேட்டு வந்த கடிதத்தில் ஒளிந்திருந்த திருடர்கள்!

வேலை கேட்டு ஒரு கடிதம் வந்தது.

உங்கள் நிறுவனத்தில் சேர எனக்கு மிகவும் ஆசை என்று அதில் எழுதியிருந்தது. படிப்பு, அனுபவம் பற்றிய விவரத்தைப் பார்க்க ஒரு 'லிங்க்' கொடுத்திருந்தது. பணிவான கடிதம். யாருக்கும் சந்தேகம் வராது.

இது நடந்தது 2015-ம் ஆண்டு தொடக்கத்தில். இடம், வங்காளதேசத்தின் தலைநகரான டாக்கா. கடிதம் போய்ச் சேர்ந்தது அந்த நாட்டின் மத்திய பாங்கிக்கு. நமக்கு ரிசர்வ் பாங்கி எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

கடிதத்தைத் தபால்காரர் கொண்டு வரவில்லை. ஈ-மெயில் என்ற மின்னஞ்சலில் வந்தது. பாங்கியின் 3 கம்ப்யூட்டர்களிலாவது அந்த லிங்க்கைத் தொட்டு, விவரத்தை இறக்கப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கப் புலனாய்வுத் துறை இதைப் பிறகு கண்டுபிடித்தது.

அந்த ஒரு தொடுகை போதும். கதவு திறந்துவிட்டது.

ஒரு வருடம் பதுங்கினார்கள்

கடிதத்தின் வழியாக ஒரு கள்ள 'புரோகிராம்' உள்ளே புகுந்தது. திருடர்கள் அவசரப்படவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் பதுங்கி இருந்தார்கள். எந்தக் கம்ப்யூட்டரில் என்ன வேலை நடக்கிறது, பணம் அனுப்பும் கம்ப்யூட்டர் எது என்று எல்லாவற்றையும் வேவு பார்த்தார்கள்.

2016 பிப்ரவரி 4-ந் தேதி. வியாழக்கிழமை இரவு. திருடர்கள் வேலையைத் தொடங்கினார்கள்.

வங்காளதேசத்தின் பணம் அமெரிக்காவில், நியூயார்க் பெடரல் ரிசர்வ் பாங்கியில் இருந்தது. "எங்கள் கணக்கில் இருந்து பணத்தை எடுத்து இன்னின்ன இடங்களுக்கு அனுப்புங்கள்" என்று டாக்கா பாங்கியின் பெயரில் 35 உத்தரவுகள் பறந்தன. பாங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் 'ஸ்விப்ட்' என்ற முறையிலேயே அவை போயின. மொத்தத் தொகை 95 கோடியே 10 லட்சம் டாலர்!

நாளையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வெள்ளி, சனி வங்காளதேசத்தில் விடுமுறை. சனி, ஞாயிறு நியூயார்க்கில் விடுமுறை. பணம் போகும் பிலிப்பைன்ஸ் நாட்டில் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. ஒருவர் கேட்டால் மற்றவர் பதில் சொல்ல முடியாது.

டாக்கா பாங்கியில், பணம் போன விவரத்தை அச்சிடும் எந்திரமும் வேலை செய்யவில்லை. வழக்கமான பழுது என்று ஊழியர்கள் நினைத்தார்கள். அதுவும் திருடர்களின் கைவரிசை!

காப்பாற்றியது எது?

95 கோடி டாலரும் போயிருக்க வேண்டியது. போகவில்லை. இரண்டு சின்ன விஷயங்கள் குறுக்கே வந்தன.

முதலாவது, ஒரு தெருவின் பெயர். பணம் போக வேண்டிய பாங்கிக் கிளை, மணிலாவை ஒட்டிய மக்காட்டி நகரில் ஜூபிடர் தெருவில் இருந்தது. ஈரான் மீது அமெரிக்கா விதித்த தடைப் பட்டியலில் 'ஜூபிடர்' என்ற பெயரும் இருந்தது. இந்த பாங்கிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் பெயரைக் கண்டு எந்திரம் நிறுத்தியது. அதிகாரிகள் எடுத்துப் பார்த்தார்கள். "இத்தனை உத்தரவுகளா?" என்று சந்தேகம் வந்தது. 30 உத்தரவுகள் நின்றன.

அதற்குள் 5 உத்தரவுகள் தப்பிவிட்டன. அவற்றில் ஒன்று இலங்கைக்குப் போன 2 கோடி டாலர். பணம் ஒரு அறக்கட்டளையின் பெயருக்குப் போக வேண்டும். 'பவுண்டேஷன்' என்று எழுத வேண்டிய இடத்தில் திருடர்கள் 'பண்டேஷன்' என்று எழுதியிருந்தார்கள். இடையில் இருந்த ஜெர்மனி நாட்டு டாய்ச் பாங்கி, "இது என்ன?" என்று விளக்கம் கேட்டது. அந்த 2 கோடி டாலர் திரும்பி வந்தது.

மீதி 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்சில் சூதாட்ட விடுதிகளுக்குள் புகுந்து மறைந்தது. அதில் சுமார் ஒன்றரைக் கோடி டாலர் 2016-ம் ஆண்டிலேயே மீட்கப்பட்டது. டாக்கா பாங்கியின் கவர்னர் அந்த ஆண்டு மார்ச் மாதம் பதவி விலகினார். 2018-ம் ஆண்டு, வட கொரியாவைச் சேர்ந்த பார்க் ஜின் ஹியோக் என்பவர் மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது. வட கொரியா அதை மறுத்தது.

அந்த பாங்கியில் 'பயர்வால்' என்ற தடுப்பே இல்லை, 10 டாலர் விலையில் வாங்கிய பழைய கருவிகளைக் கொண்டு கம்ப்யூட்டர்களை இணைத்திருந்தார்கள் என்று விசாரணை அதிகாரி ஒருவர் ராய்ட்டர் செய்தி நிறுவனத்திடம் கூறினார். பெட்டகத்தில் கோடிகள். வாசலில் காவல் இல்லை!

யார் பெயரிலும் எழுதலாம்

ஈ-மெயிலில் இப்படி ஏமாற்றுவது ஏன் சுலபமாக இருக்கிறது?

ஒரு தபால் உறையை நினைத்துப் பாருங்கள். பின்பக்கத்தில் 'அனுப்புநர்' என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். தபால் இலாகா அதைச் சரிபார்ப்பதில்லை. ஈ-மெயிலும் அப்படியே பிறந்தது. அதற்கான விதிகள் 1982-ம் ஆண்டு எழுதப்பட்டன. அப்போது அதைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சிக்காரர்கள். ஒருவரை ஒருவர் நம்பினார்கள். அனுப்புகிறவர் யார் என்று பார்க்க அந்த விதிகளில் வழி வைக்கவில்லை.

இன்று உலகமே ஈ-மெயிலில் ஓடுகிறது. ஆகவே பாங்கிகளும், ஆஸ்பத்திரிகளும், கம்பெனிகளும் தபாலுக்குக் காவல் போடுகின்றன. இதுதான் ஈ-மெயில் பாதுகாப்பு சேவை. இதை நடத்தும் தனிக் கம்பெனிகள் இருக்கின்றன.

ஏற்பாடு இதுதான். கம்பெனிக்கு வரும் கடிதம் எதுவும் நேராக ஊழியரிடம் போகாது. முதலில் காவல் சேவையின் கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கே சோதனை நடக்கும். தேறினால்தான் உள்ளே வரும்.

நான்கு சோதனைகள்

முதல் சோதனை: அனுப்பியவர் உண்மையானவரா? ஒவ்வொரு கம்பெனியும், "எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப இந்தக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டுமே உரிமை உண்டு" என்று ஒரு பட்டியல் வெளியிடலாம். இதற்கு 'எஸ்.பி.எப்.' என்று பெயர். கடிதத்தில் அரக்கு முத்திரை போல ஒரு ரகசியக் குறி வைக்கலாம். வழியில் யாராவது எழுத்தை மாற்றினால் முத்திரை உடைந்துவிடும். இது 'டிகிம்'. பட்டியலும் முத்திரையும் பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது? ஒதுக்குவதா, திருப்பி விடுவதா? அதைச் சொல்வது 'டிமார்க்'. இது 2012-ம் ஆண்டு வந்தது. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்கள் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் கூகுள் கட்டாயமாக்கியது.

இரண்டாவது சோதனை: கடிதத்தோடு என்ன வருகிறது? பழைய குற்றவாளிகளின் கைரேகை போலீசாரிடம் இருப்பதுபோல, பழைய வைரஸ்களின் அடையாளங்கள் காவல் சேவையிடம் இருக்கும். புதுத் திருடன் என்றால்? வந்த பொருளை, வெளியே தொடர்பு இல்லாத ஒரு தனிக் கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்பார்கள். நல்ல பொருள் சும்மா இருக்கும். கெட்ட பொருள் தன் வேலையைக் காட்டும். மாட்டிக்கொள்ளும்!

மூன்றாவது சோதனை: லிங்க் எங்கே போகிறது? திருடர்கள் இதில் பலே கில்லாடிகள். கடிதம் வரும்போது லிங்க் நல்ல இடத்தைக் காட்டும். கடிதம் உள்ளே போனபின் அந்த இடத்தை மாற்றிவிடுவார்கள். ஆகவே கடிதம் வரும்போது ஒரு முறை, ஊழியர் தொடும்போது இன்னொரு முறை என்று இரண்டு தடவை சோதிக்கிறார்கள்.

நான்காவது சோதனை: இது வழக்கமான கடிதமா? மானேஜர் எப்போதும் எந்த முகவரியில் இருந்து எழுதுகிறார், யாருக்கு எழுதுகிறார் என்று எந்திரம் பழகி வைத்திருக்கும். ஆங்கிலத்தில் 'எம்' எழுத்துக்குப் பதிலாக 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டால், அவசரத்தில் பார்க்கிற கண்ணுக்கு 'எம்' போலவே தெரியும். மனிதக் கண் ஏமாறும். எந்திரம் ஏமாறாது.

சந்தேகமான கடிதம் தனியே அடைத்து வைக்கப்படும். அதிகாரி பார்த்து விடுவிப்பார், அல்லது அழிப்பார். தவறிப்போய் உள்ளே வந்த கடிதத்தைக்கூட, பின்னால் குட்டு வெளிப்பட்டால், ஊழியர்களின் பெட்டியில் இருந்து ஒரே நேரத்தில் பிடுங்கி எடுக்க முடியும்.

சல்லடையிலும் ஓட்டை

அப்படியானால் கவலை தீர்ந்ததா? தீரவில்லை.

குப்பைக் கடிதம், ஏமாற்றுக் கடிதம், வைரஸ் ஆகியவற்றில் 100-க்கு 99.9 பங்கை ஜிமெயில் தடுத்துவிடுகிறது என்று கூகுள் சொல்கிறது. பெரிய சாதனைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் கெட்ட கடிதங்கள் வந்தால் 100 கடிதங்கள் தப்பிவிடும். டாக்காவில் நாசம் செய்ய ஒரு கடிதமே போதுமாக இருந்தது.

காவல்காரன் வீட்டிலேயே திருடன் புகுந்ததும் உண்டு. பாரகுடா என்ற அமெரிக்கக் கம்பெனி, ஈ-மெயிலைச் சோதிக்கும் பெட்டி ஒன்றை விற்றது. கடிதத்தோடு வரும் பொருளை அந்தப் பெட்டி பிரித்துப் பார்க்கும். பிரிக்கிற இடத்திலேயே ஒரு ஓட்டை இருந்தது. அதற்கென்று தயாரித்த பொருளைத் திருடர்கள் ஈ-மெயிலில் அனுப்பினார்கள். சோதிக்கப்போன பெட்டியே திருடர்கள் கைக்குப் போய்விட்டது! 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தத் திருட்டு 2023 மே மாதம்தான் வெளிப்பட்டது. பாதிக்கப்பட்ட பெட்டிகளையே மாற்றிவிடுங்கள் என்று ஜூன் மாதம் அந்தக் கம்பெனி சொல்ல வேண்டி வந்தது.

விஷமே இல்லாத கடிதம்

இன்னொரு வகைக் கடிதம் இருக்கிறது. அதில் வைரஸ் இல்லை. லிங்க் இல்லை. "பணம் அனுப்புங்கள்" என்ற வேண்டுகோள் மட்டும் இருக்கும்.

லிதுவேனியா நாட்டைச் சேர்ந்தவர் எவல்டாஸ் ரிமாசவுஸ்காஸ். தைவானில் குவாண்டா என்ற கம்ப்யூட்டர் கம்பெனி இருக்கிறது. அதே பெயரில் இவர் லாட்வியா நாட்டில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். கூகுள், பேஸ்புக் இரண்டும் உண்மையான குவாண்டாவிடம் சரக்கு வாங்குபவை. அவர்களுக்குப் பொய்க் கடிதங்களும், பொய் பில்களும் போயின. 2013-ம் ஆண்டுக்கும் 2015-ம் ஆண்டுக்கும் இடையில், இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 12 கோடி டாலருக்கு மேல் அனுப்பிவிட்டன. கம்ப்யூட்டரில் உலகத்துக்கே வழிகாட்டுகிறவர்கள் ஏமாந்தார்கள்! 2019 டிசம்பரில் நியூயார்க் கோர்ட்டு அவருக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

இந்த மாதிரி மோசடி பற்றி 2023-ல் மட்டும் அமெரிக்கப் புலனாய்வுத் துறைக்கு 21,489 புகார்கள் வந்தன. போன பணம் 290 கோடி டாலருக்கு மேல்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2016-ல் 2 கோடி டாலரைக் காப்பாற்றியது ஒரு எழுத்துப் பிழை. இன்று செயற்கை அறிவு எந்திரத்திடம் சொன்னால், எந்த மொழியிலும் பிழையில்லாமல் கடிதம் எழுதிக் கொடுக்கிறது. திருடர்களுக்கும் எழுதிக் கொடுக்கும். பிழையைப் பார்த்துத் திருடனைப் பிடிக்கும் காலம் போய்க்கொண்டிருக்கிறது.

கடைசிக் காவல்

அப்படியானால் என்ன செய்வது?

காவல் சேவை வேண்டும். அது இல்லாவிட்டால் தினமும் வரும் குப்பையில் ஊழியர் மூழ்கிவிடுவார். ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. பணம் கேட்டோ, பாங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்றோ கடிதம் வந்தால், ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்கு டெலிபோன் செய்து கேட்க வேண்டும். கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் பேசக்கூடாது. அதில் பேசுகிறவனும் திருடனாக இருப்பான்! பெரிய தொகை என்றால் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. "சார், இந்தக் கடிதம் எனக்குச் சரியாகப் படவில்லை" என்று ஒரு சின்ன குமாஸ்தா வந்து சொன்னால், மேலதிகாரி என்ன செய்கிறார்? "உனக்கு என்ன தெரியும், சொன்னதைச் செய்" என்று அதட்டினால், அந்தக் குமாஸ்தா இனி வாய் திறக்க மாட்டார். தெரியாமல் லிங்க்கைத் தொட்டுவிட்டவரும், வேலை போய்விடும் என்று பயந்து மறைப்பார். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். டாக்காவில் திருடர்களுக்கு ஒரு வருடம் கிடைத்தது.

பணம் பறிபோனதாகத் தெரிந்தால் நம் நாட்டில் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு உண்டு.

உங்கள் வீட்டிலும் ஆபீசுக்குப் போகும் மகனோ மகளோ இருக்கலாம். "வந்த கடிதம் சந்தேகமாக இருந்தால், பயப்படாமல் மேலதிகாரியிடம் கேள்" என்று சொல்லி வையுங்கள். அவர்கள் மேலதிகாரியாக இருந்தால், "கேட்க வருகிறவர்களைத் திட்டாதே" என்று சொல்லுங்கள்.