எல்லை தாண்டும் தொட்டில்

1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆனால் பாறசாலை, களியக்காவிளை பக்கத்துக் குடும்பங்களுக்கிடையே பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. தாய்வீட்டில் பிரசவம், பிறகு எல்லை தாண்டிப் புகுந்த வீடு.

இந்தப் போக்குவரத்தில் எளிதில் தவறிவிடக்கூடியது குறைமாதக் குழந்தையின் கண் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு விழித்திரையின் ரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. அவை தாறுமாறாக வளர்ந்தால் விழித்திரை கழன்று பார்வையே போகலாம். ஆரம்பத்தில் வெளியே எதுவும் தெரியாது. கண் பளிச்சென்றே இருக்கும். சொட்டு மருந்து விட்டு டாக்டர் உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

முதல் பரிசோதனைக்குக் கெடு, பிறந்து 30 நாட்கள். 28 வாரத்துக்கு முன் பிறந்தால் இரண்டு, மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். பாதிப்பு முற்றினால் இரண்டு, மூன்று நாட்களுக்குள் லேசர் சிகிச்சை அவசியம். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். அங்கே அரசின் வட்டாரக் கண் மருத்துவ நிலையம் இருக்கிறது.

டிஸ்சார்ஜ் சீட்டில் பரிசோதனைத் தேதியைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். இரு வீட்டுப் பாட்டிகளுக்கும் அந்தத் தேதி தெரிந்திருக்க வேண்டும். தொட்டில் எந்த மாநிலத்தில் ஆடினாலும் கெடு ஒன்றுதான்.