பெற்றோர் கூட்டம் யாருக்காக? அல்லைப்பிட்டியிலிருந்து ஒரு கணக்கு

தவணைப் பரீட்சை முடிந்து தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் வாரத்தில் தீவகத்துப் பாடசாலைகளில் பெற்றோர் கூட்டம் நடக்கும். முன்பு பிள்ளையின் கையில் ஒரு துண்டு வரும். இப்போது பெரும்பாலும் வட்ஸ்அப்பில் வருகிறது: 'நாளை காலை 9 மணிக்குப் பெற்றோர் கட்டாயம் சமூகமளிக்கவும்.' எதற்காக என்று அதில் இருக்காது. என்ன கொண்டு வரவேண்டும், யாரோடு கதைக்கலாம், எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதும் இருக்காது. 'கட்டாயம்' மட்டும் தவறாமல் இருக்கும்.

காலை ஒன்பது மணி என்பது அல்லைப்பிட்டியில் என்ன நேரம் என்று முதலில் பார்க்கவேண்டும். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, மண்டைதீவுச் சந்தியைத் தாண்டினால் வருவது இந்த ஊர். கடற்றொழில், கொஞ்சம் தோட்டம், பனை, மேசன் வேலை, கூலி வேலை என்று போகிறது சீவியம். விடியமுன் கடலுக்குப் போனவர் ஒன்பது மணிக்கு வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருப்பார். அதை விற்றால்தான் அன்றைய நாள். அவருடைய மனைவியும் பக்கத்தில் நிற்பார். நகரில் கடையில் வேலை செய்யும் தாய்க்கு அரைநாள் லீவு என்றால் அரைநாள் சம்பளம் இல்லை. ஆகவே கூட்டத்துக்குப் போவது அம்மம்மா. தகப்பன் வெளிநாட்டில், தாய் வேலையில் என்றிருக்கும் வீடுகளில் பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்து வைப்பவரும் அவர்தான்.

இப்படி வந்த ஓர் அம்மம்மாவோடு தீவகத்தின் ஒரு பாடசாலைக்கு வெளியே கதைத்தேன். பேரன் தரம் 8. "என்ன சொன்னவை அம்மம்மா?" என்று கேட்டேன். "கணக்கு காணாதாம். வீட்டில பாக்கட்டாம். நான் என்னத்தைப் பாக்கிறது பிள்ளை? கொப்பியைத் திறந்தா எனக்கு விளங்குமே? சேர் சொன்னா ஓம் எண்டுட்டு வந்திட்டன்" என்றார். இடையில் காசு பற்றியும் கதை வந்ததாம், மதில் கட்டுவதற்கு. அவருக்கு ஞாபகம் நின்றது அந்தத் தொகைதான்.

கூட்டத்தின் வடிவம் எல்லோருக்கும் தெரிந்தது. மண்டபத்தில் விளக்கேற்றல், இறைவணக்கம், அதிபர் உரை, பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரின் உரை, நிதி விடயம். அதன் பிறகு வகுப்பறைக்குப் போய்த் தேர்ச்சி அறிக்கை வாங்குவது. சில வகுப்புகளில் நிலை எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படுகிறது. முதலாம் நிலைப் பிள்ளையின் தாய் முன் கதிரையில் இருப்பார். கடைசி நிலைப் பிள்ளையின் தாய் அடுத்த முறை வரமாட்டார். ஊடகக் கற்கை படித்தபோது ஒருவழித் தொடர்பாடல் என்றால் என்னவென்று விளக்க எங்கள் விரிவுரையாளர்கள் வானொலியைத்தான் உதாரணம் காட்டினார்கள். நமது பெற்றோர் கூட்டத்தைக் காட்டியிருந்தால் இன்னும் இலகுவாக விளங்கியிருக்கும்.

தரம் 6 முதல் 9 வரையான கனிஷ்ட இடைநிலைப் பிரிவில்தான் இது மிகப் பெரிய இழப்பாகிறது. ஆரம்பப் பிரிவில் ஒரு வகுப்பாசிரியர் இருப்பார். பிள்ளையின் பசி, கோபம், கையெழுத்து எல்லாம் அவருக்குத் தெரியும். புலமைப்பரிசில் பரீட்சை இருப்பதால் தரம் 5 வரை பெற்றோரும் வாசலிலேயே நிற்பார்கள். தரம் 6இல் எல்லாம் சிதறுகிறது. தமிழ், கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், சமயம், வரலாறு, புவியியல், குடியியற் கல்வி, சுகாதாரம், அழகியல், இரண்டாம் மொழியாகச் சிங்களம் என்று பாடங்கள் பெருகி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் வருகிறார். ஒவ்வொருவருக்கும் பிள்ளையின் ஒரு துண்டு தெரியும். முழுப் பிள்ளையை யாருக்கும் தெரியாது. அந்தத் துண்டுகளைப் பொருத்திப் பார்க்க நமது பாடசாலை முறையில் இருக்கும் ஒரே மேசை பெற்றோர் சந்திப்புத்தான்.

தரம் 9 முடியும்போது சாதாரண தரத்துக்கான தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்யவேண்டும். கணிதம் தரம் 7இலேயே தட்டுப்பட்டிருந்தால் அது தரம் 11இல் திடீரெனச் சரிவராது. கணிதத்தில் சித்தி இல்லாமல் உயர்தரத்துக்குப் போவது எவ்வளவு சிரமம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'கணக்கு காணாது' என்ற சொல்லோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட அம்மம்மாவிடம், பின்னங்கள் விளங்கவில்லையா, வாய்ப்பாடு தெரியாதா, கரும்பலகை கண்ணுக்குத் தெரியவில்லையா என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. மூன்றுக்கும் வேறு வேறு வைத்தியம்.

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்பது ஆசிரியர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வசனம். இதை நான் ஏற்கவில்லை. இன்று தரம் 7இல் பிள்ளை வைத்திருக்கும் ஒரு தாய்க்கு முப்பத்தைந்து வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1990களின் இடப்பெயர்வுக்குள் அவர் பிறந்தார். 2006இல் பதினைந்து வயது. அந்த வருடம் மே 13 இரவு அல்லைப்பிட்டியிலும் அயலிலும் 13 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 13 அன்று மக்கள் தஞ்சம் புகுந்திருந்த புனித பிலிப்பு நேரியார் தேவாலயம் எறிகணை வீச்சுக்குள்ளானது. ஓகஸ்ட் 20 அன்று பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போனார். இன்றுவரை வரவில்லை. ஊர் பெயர்ந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்திருக்கவேண்டிய வயதில் அந்தப் பெண் எங்கே இருந்தார்? அவருக்காக எந்தப் பெற்றோர் கூட்டத்தில் யார் போயிருந்து என்ன கேட்டார்கள்? பாடசாலைக்குள் போய் ஆசிரியரிடம் கேள்வி கேட்பதும் ஒரு பழக்கம். பார்த்துப் பழகாத பழக்கத்தை அக்கறையின்மை என்று எழுதிவிடுவது சுலபம். அதிகாரத்தில் உள்ளவர் அழைத்தால் போய், தலையாட்டி, கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்புவதை இந்தத் தலைமுறை வேறு இடங்களில் கற்றுக்கொண்டது.

வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளைகளைப் பண்ணைக்கு அப்பால் நகரப் பாடசாலைக்கு அனுப்புகின்றன. பஸ், வான், மாலையில் ரியூஷன் என்று செலவு. நல்ல பாடசாலை என்பதற்கு அவர்களிடம் பல காரணங்கள் உண்டு, சில நியாயமானவை. ஆனால் கூட்டத்தின் கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். நகரத்தில் ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால், ஒருவருக்கு 15 நிமிடம் கொடுக்க 10 மணித்தியாலம் வேண்டும். நடக்காது. இரண்டு நிமிடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். தீவகத்துச் சிறிய பாடசாலையில் வகுப்பில் 12 பிள்ளைகள் என்றால் அதே 15 நிமிடம் 3 மணித்தியாலத்தில் முடியும். மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளை என்ன செய்வது என்ற பேச்சு நாட்டில் தொடர்ந்து நடக்கிறது. குறைந்த எண்ணிக்கையைக் குறைபாடாக மட்டும் காட்டும் அந்தப் பேச்சுக்கு, தன்னிடம் மட்டும் இருக்கும் இந்த நேரத்தைச் சிறிய பாடசாலை பதிலாகக் காட்டலாம். இப்போது அதையும் மண்டபத்து உரைகளில் செலவழித்துவிடுகிறது.

அல்லைப்பிட்டியிலிருந்து போன குடும்பங்கள் இருக்கும் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில், ஆரம்பப் பாடசாலைகள் எட்டாம் வகுப்பு வரை செல்கின்றன. அங்கே முழுத் தேர்ச்சி அறிக்கைக்கு முன்பே, இலையுதிர் காலத்தில், ஒரு முன்னேற்ற அறிக்கை வருகிறது. பெற்றோர் நேரம் குறித்துக்கொண்டு ஆசிரியரைத் தனியே சந்திக்கிறார்கள். பிரச்சினையை வருட முடிவில் அறிவிப்பதற்கும், திருத்த நேரம் இருக்கும்போது சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் அது. அமெரிக்காவின் பல நடுநிலைப் பாடசாலைகளில் பிள்ளையே தன் கொப்பிகளைக் காட்டிச் சந்திப்பை நடத்துகிறது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்கவேண்டும் என்கிறது. குழுவில் இடம் கிடைப்பதும் தன் பிள்ளையைப் பற்றிக் கதைக்க இடம் கிடைப்பதும் ஒன்றல்ல என்பது வேறு விடயம். நமது அபிவிருத்திச் சங்கங்களே அதற்குச் சாட்சி.

ஆசிரியர் பக்கமும் இருக்கிறது. தீவகத்தில் படிப்பிப்பவர்களில் பலர் நகரிலிருந்து தினமும் வந்து போகிறவர்கள். பாடசாலை 1.30க்கு முடிந்தால் பஸ்ஸைப் பிடிக்க ஓடவேண்டும். இடமாற்றம் வந்தால் பிள்ளைகளைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் அவரோடு பாலத்தைக் கடந்து போய்விடும். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று ஒரு கொப்பி போட்டு, ஒவ்வொரு பாட ஆசிரியரும் சந்திப்புக்கு முன் அதில் இரண்டு வரி எழுதினால் போதும்: பிள்ளைக்கு எது வரும், எது வரவில்லை. வரவுப் பதிவேடும் ஒரு பயிற்சிக் கொப்பியும் மேசையில் இருக்கட்டும். பிள்ளையும் கூடவே இருக்கட்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பற்றி அதன் முதுகுக்குப் பின்னால் கதைத்து ஆகப்போவது எதுவுமில்லை. காசுக் கதைக்கு வேறொரு நாள் வைக்கலாம். கடலுக்குப் போகிறவரின் வீட்டுக்கு ஒன்பது மணி கொடுக்காமல் பன்னிரண்டு மணி கொடுக்கலாம். இதற்குச் சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

2026 ஜனவரியில் தரம் 6க்கான கல்விச் சீர்திருத்தம் 2027க்கு ஒத்திவைக்கப்பட்டது. ஆங்கிலப் பாட அலகொன்றில் இருந்த பொருத்தமற்ற இணைய முகவரி ஒன்றே அதற்கு முன்னர் எழுந்த சர்ச்சைக்குக் காரணம். அந்த நாட்களில் இந்தப் பக்கத்துப் பெற்றோர் சிலரிடம் கேட்டேன். இணைய முகவரிக் கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது, முகநூலில் பார்த்திருந்தார்கள். பாட அலகு என்றால் என்ன, பிள்ளைக்குப் புள்ளி போடும் முறை எப்படி மாறும் என்று கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. பாடசாலையில் இதுபற்றி ஏதும் சொன்னார்களா என்றேன். "அடுத்த கூட்டத்தில சொல்லுவினமாக்கும்" என்றார் ஒரு தாய். அவருடைய மகள் இப்போது தரம் 5. அடுத்த வருடம் தரம் 6.