க்விஸ் அணிக்கு நான்கு பேர் வேண்டும்

"பையன் ஏழாம் வகுப்பு. பள்ளி க்விஸ் அணியில் சேர்த்திருக்கிறார்கள். எந்த ஆப் டவுன்லோட் செய்து கொடுக்கலாம்?" பெற்றோர் பலர் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். சி.டி.க்கள் இருந்த காலத்தில், "எந்தப் பொது அறிவு சி.டி. வாங்கலாம்?" என்று கேட்டார்கள். அன்றும் இன்றும் என் பதில் ஒன்றுதான். ஆப் பிறகு இருக்கட்டும். முதலில் பையனுடன் உட்கார இன்னும் மூன்று பிள்ளைகளைத் தேடுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

க்விஸ் போட்டி நமக்குப் புதிதல்ல. 1967ல் கல்கத்தாவில் நீல் ஓ பிரையன் நடத்திய போட்டியைத்தான் இந்தியாவின் முதல் பொது க்விஸ் போட்டி என்று குறிப்பிடுவார்கள். பள்ளி மாணவர்களுக்கான போர்ன்விடா க்விஸ் 1972ல் தொடங்கி, ரேடியோவில் வளர்ந்து, பிறகு டிவிக்கு வந்தது. டிவியில் அதை நடத்திய டெரிக் ஓ பிரையன், நீல் ஓ பிரையனின் மகன். இன்று முப்பது, நாற்பது வயதில் இருக்கும் பலர், டிவிக்கு முன் உட்கார்ந்து அந்தக் கேள்விகளுக்கு விடை கத்தியவர்கள்தான்.

அந்த நிகழ்ச்சிகளிலிருந்து நம் பள்ளிகள் எடுத்துக்கொண்டது என்ன? மேடையில் ஆறு அணிகள், அணிக்கு இரண்டு பேர், கீழே உட்கார்ந்து கைதட்ட நானூறு பேர். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் இருவரை ஆசிரியர் கையைக் காட்டி அழைப்பார். மற்றவர்களுக்கு க்விஸ் என்பது வேடிக்கை பார்க்கும் விஷயம். நான்காம் வகுப்பில் கீழே உட்கார்ந்த பிள்ளை எட்டாம் வகுப்பிலும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். எனக்கு இதில்தான் வருத்தம்.

நான்கா, பத்தா?

அமெரிக்காவில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். அங்கே எரிசக்தித் துறை 1991 முதல் 'நேஷனல் சயின்ஸ் பவுல்' என்ற அறிவியல் க்விஸ் போட்டியை நடத்தி வருகிறது. தொடங்கும்போது உயர்நிலை மாணவர்களுக்கு மட்டும் இருந்தது. 2002ல் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கும் தனிப் பிரிவு வந்தது. அணிக்கு நான்கு பேர். மாற்று ஆட்டக்காரர் ஒருவர் உண்டு.

இதன் மதிப்பெண் முறையைப் பாருங்கள். முதலில் ஒரு பொதுக் கேள்வி. இரண்டு அணியிலும் உள்ள எட்டுப் பேரில் யார் வேண்டுமானாலும் பஸ்ஸரை அழுத்தலாம். பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கூடாது. சரியாகச் சொன்னால் 4 மதிப்பெண். கேள்வியை முழுதும் கேட்காமல் அவசரப்பட்டு அழுத்தித் தவறாகச் சொன்னால், அந்த 4 எதிரணிக்குப் போய்விடும். சரியாகச் சொன்ன அணிக்கு அடுத்து ஒரு போனஸ் கேள்வி. இதற்கு நால்வரும் கலந்து பேசலாம். 20 விநாடி நேரம். விடையைக் கேப்டன் சொல்ல வேண்டும். இதற்கு 10 மதிப்பெண்.

தனியாக முந்தினால் 4, கூடிப் பேசினால் 10. இந்த இரண்டு எண்களில் எல்லாம் அடங்கிவிட்டது. பஸ்ஸரில் கெட்டிக்காரனான ஒரு பையன் கதவைத் திறந்துவிடலாம். உள்ளே போய் அள்ளி வர மற்ற மூவரும் வேண்டும். கணக்கில் ஒருவர், உயிரியலில் ஒருவர், வானியலில் ஒருவர் என்று பிரித்துக்கொண்டு படிப்பார்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, "இல்லை, அது சனி இல்லை, வியாழன்" என்று மெதுவாகச் சொல்லும். கேப்டன் அதை நம்பிச் சொல்வதா வேண்டாமா என்று 20 விநாடிக்குள் முடிவு செய்ய வேண்டும். எந்த ஆப்பும் இந்தப் பாடத்தைச் சொல்லித் தராது.

ஆப் என்ன பாவம் செய்தது?

நீங்கள் கேட்கலாம். கஹூட் போன்ற வசதிகள் இருக்கின்றன. வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் விளையாடலாம். யாரும் கீழே உட்கார்ந்து கைதட்ட வேண்டியதில்லை. முடிவு உடனே திரையில் வருகிறது. இது நல்லதுதானே?

நல்லதுதான். பாடம் முடிந்ததும் திருப்பிப் பார்க்க அது மிகவும் பயன்படும். ஆனால் வழக்கமான முறையில் விளையாடும்போது, நான்கு விடைகளில் ஒன்றை வேகமாகத் தொட்டவருக்கு அதிகப் புள்ளி. ஒவ்வொரு பிள்ளையும் தன் திரையைப் பார்க்கும். பக்கத்துப் பிள்ளை போட்டியாளர். குழுவாக விளையாடும் வசதியும் அதில் இருக்கிறது. நான் பார்த்தவரை அதைப் பயன்படுத்துவோர் குறைவு.

வேகத்தைப் பற்றிய ஒரு தொழில்நுட்ப விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண யு.எஸ்.பி. கீ போர்டை கம்ப்யூட்டர் ஒரு விநாடியில் சுமார் 125 முறை விசாரிக்கும். அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒரு முறை. கேள்வியைக் கேட்டு விரலை அசைக்க மனிதனுக்கு 200 மில்லி விநாடி போல் ஆகிறது. எனவே ஒரே கம்ப்யூட்டரில் இணைத்த கீ போர்டுகளில் யார் முந்தினார்கள் என்பது பெரும்பாலும் நியாயமாகத் தெரிந்துவிடும். ஆளுக்கொரு மொபைல் வைத்து இன்டர்நெட் வழியாக விளையாடும்போது, பழைய போனும் பலவீனமான சிக்னலும் வைத்திருக்கும் பிள்ளை பின்தங்கலாம். அறிவில் தோற்றால் பரவாயில்லை. நெட்வொர்க்கில் தோற்பது அநியாயம்.

வீட்டு கம்ப்யூட்டருக்கு மூன்று வேலைகள்

அப்படியானால் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிடலாமா? வேண்டாம். அதற்கு மூன்று வேலைகள் தரலாம்.

முதல் வேலை, பஸ்ஸர். பரணில் கிடக்கும் பழைய யு.எஸ்.பி. கீ போர்டுகள் இரண்டை ஒரே கம்ப்யூட்டரில் இணையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஓர் அணிக்கு 1, 2, 3, 4 ஆகிய கீகள். மற்றதற்கு 7, 8, 9, 0. முதலில் அழுத்தப்பட்ட கீயைத் திரையில் பெரிதாகக் காட்டி மற்றவற்றைப் பூட்டிவிடும் ஒரு சிறு எச்.டி.எம்.எல். பக்கம் போதும். ஜாவா ஸ்கிரிப்டில் இருபது, முப்பது வரிதான். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடுத்த கேள்விக்குத் தயார். கீயை முன்கூட்டியே அழுத்திப் பிடித்திருப்பவர் முந்திவிடாதபடி ஒரு நிபந்தனை எழுத வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை இதை எழுதலாம். எழுதினால் அதுவே ஒரு பாடம்.

இரண்டாவது வேலை, கேள்வி தயாரிப்பது. இதுதான் முக்கியம். "மவுஸைக் கண்டுபிடித்தவர் யார்?" என்பது நம் பள்ளிகளில் கேட்கப்படும் வகை. தெரிந்தால் உண்டு, தெரியாவிட்டால் இல்லை. கூகுளில் தேடினால் ஒரு விநாடியில் வந்துவிடும். அமெரிக்க க்விஸ் பவுல் போட்டிகளில் பிரமிட் முறையில் கேட்பார்கள். கடினமான குறிப்பு முதலில், எளிதானது கடைசியில். இப்படி:

"இதன் முதல் மாதிரி ஒரு மரப் பெட்டி, அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள் இருந்தன. டக்ளஸ் எங்கெல்பார்ட் இதை 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் மக்கள் முன் இயக்கிக் காட்டினார். பின்னாளில் சக்கரத்தின் இடத்துக்கு உருளும் பந்தும், பந்தின் இடத்துக்கு ஒளியும் வந்தன. இதை நகர்த்தினால் திரையில் அம்புக்குறி நகரும். ஒரு சிறு பிராணியின் பெயர் கொண்ட இந்தக் கருவி எது?"

ஆழமாகப் படித்த பிள்ளை முதல் வரியிலேயே அழுத்தும். மற்றது யோசித்து, மூன்றாவது வரியில் பிடிக்கும். எதுவும் தெரியாத பிள்ளை கூடக் கடைசியில் விடையைக் கண்டு சிரித்துவிட்டுப் போகும். போகும்போது நான்கு புதுச் செய்திகளும் கூடப் போகும். பிள்ளைகளையே வாரம் ஐந்து கேள்விகள் இப்படி எழுதச் சொல்லுங்கள். எக்ஸெல் ஷீட்டில் கேள்வி, விடை, பாடம், எங்கே சரிபார்த்தது என்று நான்கு பத்திகள் போதும். சாட் ஜிபிடி போன்றவற்றைக் கேட்டால் நொடியில் ஐம்பது கேள்வி தரும். ஆனால் தவறான ஆண்டையும் அதே தைரியத்துடன் தரும். எனவே நான்காவது பத்தி காலியாக இருந்தால் அந்தக் கேள்வியை எடுக்காதீர்கள்.

மூன்றாவது வேலை, கேள்விகளைக் காப்பது. 2013ல் அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழக அணி வென்ற நான்கு க்விஸ் பட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. கேள்வி எழுதும் பணியிலும் இருந்த ஆட்டக்காரர் ஒருவர், வரவிருந்த கேள்விகளின் தொடக்கப் பகுதிகள் தெரியும் இணையப் பக்கங்களைத் திறந்திருந்தார். சர்வர் பதிவுகள் இதைக் காட்டிக்கொடுத்தன. அதைப் பயன்படுத்தித்தான் வென்றார்கள் என்று நிரூபணம் இல்லை. ஆனாலும் திறந்ததே விதிமீறல். உங்கள் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். கேள்வி பைலுக்கு பாஸ்வேர்டு போடுங்கள். எழுதியவர் அந்தச் சுற்றில் ஆடக் கூடாது என்று விதி வையுங்கள்.

தமிழிலும் கேளுங்கள்

இன்னொரு விஷயத்தை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நான் பார்த்த பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. ஒளிச்சேர்க்கை பற்றி அரை மணி நேரம் பேசக்கூடிய தமிழ் வழி மாணவி, 'போட்டோசிந்தசிஸ்' என்று காதில் விழுந்ததும் தடுமாறுகிறாள். அவளுக்குத் தெரியாதது அறிவியல் அல்ல, அந்த ஒரு சொல்தான்.

முன்பு இதற்கு ஒரு சாக்கு இருந்தது. பாமினியில் அடித்த பைல் வேறு கம்ப்யூட்டரில் புரியாத எழுத்துகளாகத் தெரியும். இன்று யூனிகோடு வந்து, மொபைல் முதல் புரொஜெக்டர் வரை தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. ஒரே ஸ்லைடில் மேலே தமிழ், கீழே ஆங்கிலம் என்று காட்டுவதற்குக் கூடுதலாக ஆவது சில நிமிடங்கள்தான். எந்த மொழியில் விடை சொன்னாலும் ஏற்றுக்கொள்ளலாம். மேடை ஏறும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும்.

பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பழைய கீ போர்டுகள், எட்டுப் பிள்ளைகள், சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம். தெருவிலேயே தொடங்கலாம். அணியை மதிப்பெண் பார்த்துப் பிரிக்காதீர்கள். சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். பொதுக் கேள்விக்கு 4, போனஸுக்கு 10 என்று வையுங்கள். நான்கு வாரம் நடத்திப் பாருங்கள். பையனுக்கு எந்த ஆப் வேண்டும் என்பதை அதன் பிறகு அவனிடமே கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணை அணியில் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவன் உங்களிடம் திருப்பிக் கேட்டால், நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள் என்று அர்த்தம்.