பெட்ரோல் மட்டும்தான் செலவா?

"நாலு பேர் இருந்தா பஸ்ஸைவிட கார்தான் சார் லாபம்." கல்யாண வீட்டுப் பந்தியிலும் அலுவலக டீக்கடையிலும் இதைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. சொல்பவர் உடனே கணக்கையும் போட்டுக் காட்டுவார். சென்னையிலிருந்து மதுரை, போக வர, ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்து ஆயிரம் கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினாறு கொடுக்கிறது. பெட்ரோல் ஆறாயிரத்து முந்நூறு. ஆம்னி பஸ்ஸில் ஏசி ஸ்லீப்பர் தலைக்கு ஆயிரம் என்றாலும் நாலு பேருக்குப் போக வர எட்டாயிரம். முடிந்தது வழக்கு. சுங்கச் சாவடியைக்கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்வார்.

இந்தக் கணக்கில் கார் என்ற பொருளே இல்லை. அது வானத்திலிருந்து இறங்கி வந்து வாசலில் நிற்கிறது, நாம் பெட்ரோல் மட்டும் ஊற்றுகிறோம்.

வாசலில் நிற்பதற்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். ஷோரூம் விலை 8 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; இன்று நடுத்தரக் குடும்பம் அதிகம் யோசிக்கும் விலை அதுதான். 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட பிறகு, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்குத் தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி 13 சதவீதம். அதுவே ஒரு லட்சத்து நாலாயிரம். இன்சூரன்ஸும் இதர செலவும் சேர்ந்து வண்டி ரோட்டுக்கு வரும்போது ஒன்பதரை லட்சம். கையிலிருந்து ஒன்றரை லட்சம் போட்டு, 8 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஏழு வருஷக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 12,871 ரூபாய். வட்டி மட்டும் இரண்டே முக்கால் லட்சத்தைத் தாண்டும். எட்டு வருஷம் ஓட்டி மூன்று லட்சத்துக்கு விற்றுவிட்டீர்கள் என்றே வைப்போம். விலையில் விழுந்தது ஆறரை லட்சம். வட்டியையும் சேர்த்து வருஷத்துக்குப் பங்கு போட்டால் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் வருஷம் முப்பதாயிரம் என்று குறைத்தே போடுகிறேன். மொத்தம் ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், எப்போதாவது சொந்த ஊருக்கும் போகிற வீட்டுக் கார் வருஷத்தில் எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். அப்படியானால் ஒரு சொட்டு பெட்ரோல் ஊற்றும் முன்பே கிலோமீட்டருக்குப் பதினெட்டு ரூபாய் போய்விட்டது. பெட்ரோலோடு இருபத்து நாலு. மதுரைக்குப் போய் வந்த ஆறாயிரத்து முந்நூறு ரூபாய்ப் பயணத்தின் உண்மையான விலை இருபத்து நாலாயிரம்.

இதே பயணத்துக்கு டிரைவரோடு டாக்சி வைத்தால்? கிலோமீட்டருக்குப் பதினாலு ரூபாய் என்று எல்லா ஊர்ச் சுவரிலும் விளம்பரம் இருக்கிறது. டிரைவர் பேட்டாவையும் சேர்த்துப் பதினைந்தாயிரத்துச் சொச்சம். சுங்கம் இரண்டுக்கும் பொது. உளுந்தூர்பேட்டை தாண்டித் தூங்கிக்கொண்டும் வரலாம்.

இங்கே ஒரு புத்திசாலித்தனமான மறுப்பு வரும். "கார் ஏற்கெனவே வாங்கியாச்சு சார். தவணை எப்படியும் கட்டத்தான் போறோம். அப்புறம் இந்தப் பயணத்துக்குப் பெட்ரோல் மட்டும்தானே கணக்கு?" வாங்கியாகிவிட்ட காருக்கு இது சரிதான், மறுக்க மாட்டேன். ஆனால் ஷோரூமில் முன்பணம் கட்டும்போது மனைவியிடமும் அப்பாவிடமும் என்ன சொன்னீர்கள்? "ஊருக்குப் போக வர பஸ் செலவு மிச்சம்" என்றுதானே? வாங்கும்போது பயணத்தைக் காட்டிக் காரை நியாயப்படுத்துவது, பயணம் போகும்போது காரின் விலையைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவது. இரண்டு பக்கமும் ஒரே ஆள் ஜெயிக்கிற சூதாட்டம் இது.

அடுத்தது, கார் ஒரு சொத்து என்ற பேச்சு. இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. அம்பாசடரும் பத்மினியும் பதிவு செய்து வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டிய பொருளாக இருந்தன. 1983 டிசம்பரில் 47,500 ரூபாய்க்கு மாருதி 800 வந்தபோதும் கதை அதுதான். ஒதுக்கீட்டுக் கடிதம் கையில் இருந்தாலே கூடுதல் விலைக்குக் கைமாற்றலாம். அந்தக் காலத்து மாமாக்கள் "வாங்குன விலைக்கே வித்தேன்" என்று சொன்னது பொய்யல்ல. பிறகு மறைமலை நகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாயும் வந்தன. பணத்தைக் கட்டினால் மறுவாரம் வண்டி வீட்டுக்கு வருகிறது. பற்றாக்குறை போய்விட்டது, மாமாவின் வாக்கியம் மட்டும் மருமகனிடம் தங்கிவிட்டது.

உங்கள் சொத்தின் மதிப்பை நான் சொல்ல வேண்டாம், இன்சூரன்ஸ் பாலிசியையே எடுத்துப் பாருங்கள். வண்டிக்கு அவர்கள் போடும் மதிப்பு முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே 5 சதவீதம் இறங்கும். ஒரு வருஷம் முடிவதற்குள் 15, இரண்டாம் வருஷத்தில் 20, மூன்றாவதில் 30, நாலாவதில் 40, ஐந்தாவதில் 50. தேய்மானத்தை அச்சடித்தே கையில் கொடுக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22ஆம் தேதி சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புதிது வாங்க இருந்தவர்களுக்கு நல்ல செய்தி. அதற்கு முந்தின மாதம் வாங்கியவரின் "சொத்து", வீட்டு வாசலில் நின்றபடியே விலை இறங்கியது. அரசாங்கம் வரியைக் குறைத்தால் மதிப்பு இழக்கிற பொருளைத் தங்கத்தோடும் நிலத்தோடும் ஒரே மூச்சில் எப்படிச் சொல்கிறோம்?

அமெரிக்காவில் சொந்த வண்டிதான் லாபம் என்ற நம்பிக்கைக்கு ஒரு வாலும் முளைத்திருக்கிறது. காரின் பின்னால் கட்டி இழுத்துப் போகும் டிராவல் டிரெய்லர். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே. ஹோட்டல் வாடகை மிச்சம் என்பது அங்கே வேதவாக்கு. இந்த வகை வண்டிகள் பெரும்பாலும் தயாராவது இந்தியானா மாநிலத்து எல்கார்ட் பகுதியில். கொரோனா காலத்தில் ஊரே இந்தக் கணக்கைப் போட்டு 2021இல், மோட்டார் வைத்த வகைகளையும் சேர்த்து, ஆறு லட்சம் வண்டிகள் தொழிற்சாலைகளை விட்டு வெளியே போயின. 2023இல் அது ஏறக்குறையப் பாதியாக விழுந்துவிட்டது. இழுவைக்கு எரிபொருள் எகிறும், நிறுத்த இடத்துக்கு வாடகை உண்டு, வருஷத்தில் பெரும்பகுதி வண்டி சும்மா நிற்கும், கடன் மட்டும் நிற்காது. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்ததிலிருந்து நம் யூடியூப் ஆசாமிகளும் அதே ராகத்தை இழுக்கிறார்கள். குலதெய்வக் கோயிலுக்கு வேன் பிடித்துப் போய், இரவில் இறங்கி, வாடகையைக் கொடுத்து அனுப்பிவிடுகிற நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இருந்த பொருளாதார அறிவு இவர்களுக்கு இல்லை.

சரி, காசை விடுங்கள், கார் இருந்தால் பிடித்த கடையில் நிறுத்திச் சாப்பிடலாமே என்பார்கள். பஸ்காரர் நிறுத்துகிற மோட்டலில் ஆறிப்போன டீயும் அநியாய விலையும் என்பது உண்மை. அந்த இடங்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் கார்க்காரர்கள் எங்கே நிறுத்துகிறார்கள்? நாலுவழிச் சாலை ஊர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு வெளியே ஓடுகிறது. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா வேண்டுமென்றால் சாலையை விட்டு ஊருக்குள் போக வேண்டும். நெரிசல், நிறுத்த இடமில்லை, "இன்னும் நூத்தம்பது கிலோமீட்டர் இருக்கு" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். கடைசியில் வண்டி நிற்பது செம்புப் பாத்திரம் மினுக்குகிற ஏதாவதொரு "கும்பகோணம் டிகிரி காபி" பலகைக்குக் கீழே. கும்பகோணம் அங்கிருந்து எத்தனை மைல் என்று கேட்கக் கூடாது.

ருசி தேடிப் போகிறவருக்கு ரயில்தான் நண்பன். மணப்பாறை முறுக்கு ரயில் நின்ற இடத்துக்கே கூடையில் வரும். திருச்சியிலிருந்து துவரங்குறிச்சி வழியாக மதுரைக்குப் பறக்கிற கார் மணப்பாறையைப் பார்ப்பதே இல்லை. நெல்லை ரயிலில் கோவில்பட்டி தாண்டியதும் கடம்பூர் போளி ஏறும், வாழ்நாளில் ஒரு முறையாவது சூடாகச் சாப்பிட வேண்டிய பண்டம். கார் கயத்தாறு வழியாகப் போய்விடும். அதிலும் மதுரைக்கு ரயிலில் ஸ்லீப்பர் கட்டணம் நானூறு ரூபாய்க்குள். "பஸ்ஸைவிட லாபம்" என்கிறவர் ஒருநாளும் ரயிலோடு ஒப்பிட மாட்டார், கவனித்திருக்கிறீர்களா?

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ரயில் டிக்கெட் சில நிமிஷத்தில் தீர்ந்து, ஆம்னி பஸ் கட்டணம் மனசாட்சியில்லாமல் ஏறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வருஷத்துக்கு இரண்டு பண்டிகைக்காக ஒன்பதரை லட்சம் என்பது பெரிய மருந்து. நடக்க முடியாத அம்மா, டயாலிசிஸுக்குப் போகும் அப்பா, தொழிலுக்காகத் தினம் அலைகிறவர் இருக்கிற வீட்டில் கார் தேவை. அங்கே லாப நஷ்டம் பேசுவதே தவறு. ஆசைக்கு வாங்கினேன், மாப்பிள்ளை என்ற மதிப்புக்கு வாங்கினேன் என்று நேராகச் சொல்கிறவரோடும் எனக்குச் சண்டையில்லை. ஆசைக்கு விலை உண்டு, அவர் கொடுக்கிறார். ஆசையைச் சிக்கனம் என்று பெயர்சூட்டி, பள்ளிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்துக்கொண்டே தவணை கட்டுகிற ஏமாற்றுதான் பொறுக்கவில்லை.

புதுக் கார் வந்த வீட்டில் நாம் கேட்கிற முதல் கேள்வி "மைலேஜ் என்ன குடுக்குது?" லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடினால் மேலே சொன்ன இருபத்து நாலு ரூபாயில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. கேட்க வேண்டியது, வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை. இதே விலை, இதே கடன், இதே டாக்சிக் கட்டணம் என்றால் பதினையாயிரத்துக்கும் மேல் ஓடினால்தான் சொந்தக் கார் வாடகைக் காருக்குச் சமமாக வரத் தொடங்குகிறது. முன்பணம் கட்டும் முன் ஒரு தாளில் உங்கள் எண்ணை எழுதிப் பாருங்கள். அது பத்தாயிரத்துக்குக் கீழே இருந்தால் காரை வாங்குங்கள், வாங்காமலும் இருங்கள், உங்கள் விருப்பம். லாபம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.