டிஸ்கவுன்ட் சூப்பர் மார்க்கெட்ல சைக்கிள் சாமான்: எதை வாங்கலாம், எதை விடணும்?

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்ட் இல்ல, டேக்ஸ் இல்ல. 129 ரூபாய் சைக்கிள் லைட் ஒண்ணைப் பத்திப் பேசப் போறேன். அதுல நான் செஞ்ச தப்பும் இருக்கு, அதனால முதல்ல அதைச் சொல்லிடறேன்.

என் சித்தி பையன் ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனியில வேலை பார்க்கிறான். கையில மாசம் 18,000. ஜூஜூவாடி பக்கம் நாலு பேர் சேர்ந்து ரூம். ரூம்ல இருந்து கம்பெனிக்கு 4 கிலோமீட்டர். வேலைக்குச் சேர்ந்ததும் பைக் எடுக்கணும்னு நின்னான். டிவிஎஸ் ஃபேக்டரி இருக்கிற ஊர்ல அந்த ஆசை வராம இருந்தாத்தான் ஆச்சரியம். நான் உட்கார வச்சு கணக்குப் போட்டேன். இஎம்ஐ, பெட்ரோல், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தா மாசம் 4,500 போயிடும். சம்பளத்துல கால் பங்கு. "4 கிலோமீட்டருக்கு எதுக்குடா பைக்? சைக்கிள் வாங்கு"ன்னேன். 7,500-க்கு வாங்கினான். அந்த அட்வைஸை இன்னைக்கும் மாத்திக்க மாட்டேன்.

அடுத்து சொன்னதுதான் தப்பு. "லைட், பூட்டு, ஹெல்மெட் எல்லாம் எங்க சீப்பா இருக்கோ அங்க வாங்கிக்கோ."

அவனும் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை அரிசி, எண்ணெய் வாங்கப் போன டிஸ்கவுன்ட் கடையிலயே பின்பக்க லைட்டையும் டிராலியில போட்டான். 129 ரூபாய். சைக்கிள் கடையில அதே மாதிரி ஒண்ணு 399 சொன்னாங்களாம். "270 ரூபாய் மிச்சம் அண்ணா"ன்னு போட்டோ அனுப்பினான். நானும் கட்டைவிரல் தூக்கி விட்டேன்.

மார்கழிப் பனியில ஓசூர் காலை 5:20 எப்படி இருக்கும்னு அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும். ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போயிட்டு இருந்தான். சர்வீஸ் ரோடு குழியில சக்கரம் இறங்கினதுல லைட்டோட பிளாஸ்டிக் கிளிப் உடைஞ்சு லைட் எங்கேயோ விழுந்துடுச்சு. பின்னாடி லைட் போனது ஓட்டுறவனுக்கு எப்படித் தெரியும்? அவன் பாட்டுக்குப் போனான். பின்னாடி வந்த வேன்காரர் கடைசி நேரத்துல பார்த்து பிரேக் போட்டார். அந்தச் சத்தத்துல இவன் ஹேண்டிலைத் திருப்பி ரோட்டோரம் விழுந்தான். முழங்கை கிழிஞ்சுது, முன்சக்கரம் கோணலாச்சு. அவ்வளவுதான். அதுக்கு மேல ஆகியிருந்தா இந்தக் கட்டுரையை எழுதுற மனசு எனக்கு இருந்திருக்காது.

கணக்கைப் பாருங்க

18,000-ஐ 26 நாளால வகுத்தா ஒரு நாள் சம்பளம் 692. விழுந்த அன்னைக்கும் மறுநாளும் லாஸ் ஆஃப் பே, 1,384. சக்கரம் கோட்டம் எடுத்து, பெடல் மாத்த 450. மொத்தம் 1,834. மிச்சம் பிடிச்சது 270. கிட்டத்தட்ட 7 மடங்கு நஷ்டம்.

இங்க ஒரு விஷயத்தைக் குறிச்சு வச்சுக்கோங்க. மாசச் சம்பளம் 21,000 வரை வாங்குறவங்க இஎஸ்ஐக்குள்ள வருவாங்க. வேலைக்குப் போறப்பவோ திரும்புறப்பவோ நடக்கிற விபத்தையும், வேலையோட தொடர்பு இருக்குன்னு காட்ட முடிஞ்சா, வேலையில நடந்த விபத்தாவே எடுத்துக்கணும்னு 2010-ல சட்டத்துல சேர்த்தாங்க. சைக்கிள்ல போனாலும் அதேதான். ஆனா சம்பளத்துக்குப் பதிலா வர்ற பணப் பலன் கிடைக்க, விபத்து நடந்த நாளைத் தவிர்த்து குறைஞ்சது 3 நாளாவது வேலைக்குப் போக முடியாம இருக்கணும். இவன் மூணாவது நாளே போயிட்டான். அதனால கட்டுப் போட்டது மட்டும் இஎஸ்ஐ, சம்பளம் போனது போனதுதான். உங்களுக்கு இப்படி நடந்தா முதல் நாளே ஹெச்ஆர்கிட்ட எழுத்துல சொல்லிடுங்க.

சீப்பா வாங்குறது தப்பே இல்ல

இதைப் படிச்சுட்டு, "அப்போ விலை அதிகமா இருக்கிறதையே வாங்கணும்"னு முடிவு பண்ணிடாதீங்க. சீப்பான பொருளுக்கு நான் எதிரி இல்ல. எல்லாப் பொருளையும் ஒரே தராசுல வச்சதுதான் நான் செஞ்ச தப்பு. இப்போ எதை வாங்கினாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: இது நடுரோட்டுல உடைஞ்சா எனக்கு என்ன ஆகும்?

"எரிச்சல் வரும், அவ்வளவுதான்"னா டிஸ்கவுன்ட் கடையில தாராளமா வாங்குங்க. தண்ணி பாட்டில், ரெயின் கோட், துடைக்கிற துணி, டிஃபன் பேக் கட்ட எலாஸ்டிக் கயிறு, சீட் கவர், கிளவுஸ். கிளவுஸ் கிழிஞ்சா வேற வாங்கிக்கலாம். பம்ப்பும் வாங்கலாம், ஆனா உங்க டியூப்ல என்ன வால்வுன்னு பார்த்துட்டு வாங்குங்க. பழைய மாடல் சைக்கிள் வால்வு வேற, பைக்ல இருக்கிற மாதிரி வால்வு வேற, மெல்லிசான ரேசிங் சைக்கிள் வால்வு வேற. ஒண்ணுக்கு வாங்கின பம்ப் இன்னொண்ணுக்குச் சேராமப் போகலாம்.

"அடிபடும்"னா அந்த ஷெல்ஃபை விட்டுத் தள்ளி வந்துடுங்க. லைட், ஹெல்மெட், பிரேக் கட்டை, பிரேக் கேபிள். இதையெல்லாம் சைக்கிள் கடையில வாங்கி, அங்கேயே மாட்டிக்கோங்க. சூப்பர் மார்க்கெட்ல மாட்டித் தர ஆள் கிடையாது. சைக்கிள் கடை அண்ணன் மாட்டும்போதே ஆட்டிப் பார்த்து, "இது நிக்காதுப்பா"ன்னு சொல்லிடுவார். 399-ல அந்த வார்த்தைக்கும் சேர்த்துத்தான் காசு.

"பொருளே போயிடும்"னா அது பூட்டு. 99 ரூபாய் கேபிள் பூட்டைச் சின்ன கட்டிங் பிளேயரால வெட்டிடலாம். சைக்கிள் விலையில குறைஞ்சது 10 சதவீதம் பூட்டுக்குன்னு ஒதுக்குங்க. 7,500 சைக்கிளுக்கு 750 ரூபாய் பூட்டு. அதிகமாத் தெரியும். 7,500-க்கு நீங்களே எழுதிக்கிற இன்சூரன்ஸ்னு நினைச்சுக்கோங்க.

யூடியூப்ல வெள்ளைக்காரர் சொல்றாரே?

லிடில், ஆல்டின்னு ரெண்டு ஜெர்மன் டிஸ்கவுன்ட் சூப்பர் மார்க்கெட் இருக்கு. பாலும் பிரெட்டும் விக்கிற கடையோட நடு வரிசையில சில வாரம் சைக்கிள் சாமான் வரும். லிடில்ல கிரிவிட்னு அவங்க சொந்த பிராண்டே உண்டு. "நல்லா இருக்கு, வாங்குங்க"ன்னு அந்த ஊர்க்காரங்க போடுற வீடியோவைப் பார்த்துட்டு, "அங்க ஓகேன்னா இங்கயும் ஓகேதானே சார்"னு கேட்கிறாங்க.

அந்த விலைக்குப் பின்னாடி என்ன நிக்குதுன்னு பாருங்க. ஐரோப்பாவுல சைக்கிள் ஹெல்மெட்டைச் சோதனை பண்ணி பாஸ் ஆகாம விக்கவே முடியாது. இஎன் 1078-ங்கிற தர எண் அதுக்குத்தான். ஜெர்மனியில ரோட்டுல ஓட்டுற சைக்கிள் லைட்டுக்கே அங்கீகாரக் குறி வேணும். ரெண்டு வருஷத்துக்குள்ள குறை தெரிஞ்சா வித்த கடைதான் பொறுப்புன்னு சட்டம். அங்க குறைஞ்ச விலைக்கு அடியில சட்டம் தாங்கி நிக்குது. அதனால வாங்குறவர் கண்ணை மூடிட்டு எடுக்கலாம்.

நம்ம ஊர்ல ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்னு 2021 ஜூன்ல இருந்து அமலான உத்தரவு மோட்டார் வாகனம் ஓட்டுறவங்க ஹெல்மெட்டுக்குத்தான். அதனால சைக்கிள் ஹெல்மெட் வாங்கும்போது அந்தச் சோதனையை நீங்கதான் பண்ணணும். உள்பக்க ஸ்டிக்கர்ல இஎன் 1078, இல்லன்னா அமெரிக்காவோட சிபிஎஸ்சி, ரெண்டுல ஒண்ணு இருக்கான்னு பாருங்க. எதுவுமே இல்லன்னா அது தலையில வைக்கிற பிளாஸ்டிக், அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. 2025 செப்டம்பர் 22-ல இருந்து சைக்கிளுக்கும் அதோட உதிரி பாகத்துக்கும் ஜிஎஸ்டி 12-ல இருந்து 5 சதவீதமாக் குறைஞ்சுது. ஹெல்மெட்டுக்கு இன்னும் 18. உயிரைக் காக்கிற பொருளுக்கு அதிக வரி போட்டா, சம்பளக்காரன் 199 ரூபாய் டூப்ளிகேட்டைத்தான் தேடுவான். அரசாங்கம் இதை மாத்தணும்ங்கிறது என் கருத்து.

பில் கவுன்ட்டருக்குப் போறதுக்கு முன்னாடி

எம்ஆர்பி 999, நம்ம விலை 349-னு போட்டிருந்தா 650 லாபம்னு நினைக்காதீங்க. எம்ஆர்பியை நிர்ணயிக்கிறது தயாரிப்பாளரோ இறக்குமதி பண்றவரோதான். அவர் 1,499-னு கூடப் போட்டிருக்கலாம். பார்க்க வேண்டியது லேபிளோட பின்பக்கம். தயாரிப்பாளர் இல்லன்னா இறக்குமதியாளர் பேர், விலாசம், மாசம் வருஷம், புகார் சொல்ல நம்பர், இறக்குமதின்னா எந்த நாடு. இதெல்லாம் பாக்கெட்ல இருக்கணும்னு 2011 எடையளவு விதியிலயே இருக்கு. அட்ரஸே இல்லாத லைட் கெட்டுப்போனா யாரைப் போய்க் கேட்பீங்க?

பில்லைத் தூக்கிப் போடாதீங்க, போட்டோவாவது எடுத்து வைங்க. "விற்ற பொருள் திரும்பப் பெற இயலாது"ன்னு போர்டு இருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. பில்லுல போட்ட நாளுக்குள்ள, எதுவும் போடலன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப வாங்கிப் பணம் தர மறுக்கிறது 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915-க்குப் போன் பண்ணலாம். 129 ரூபாய்க்கு யாரும் பண்ண மாட்டோம்னு நினைச்சுத்தான் அந்தத் தரத்துல விக்கிறாங்க.

கடைசியா, ஓசூர்க்காரங்க இன்னும் நம்புற ஒண்ணு: அத்திப்பள்ளி தாண்டி வாங்கினா வரி கம்மி. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் கதை முடிஞ்சுது. பார்டருக்கு ரெண்டு பக்கமும் இந்தச் சாமானுக்கு ஒரே வரி விகிதம்தான். அங்க பெரிய கடை இருக்குன்னு போங்க, வரிக்காகப் போகாதீங்க.

தம்பி இப்போ 399 லைட்டே வாங்கிட்டான். கூடவே சீட் கம்பியில இன்னொரு சின்ன ரிஃப்ளெக்டர், லைட் விழுந்தாலும் அது மின்னும். காசு நான் கொடுத்தேன். அட்வைஸ் தப்பா சொன்னவன் நான்தானே.

உங்க டிராலியில இப்போ என்ன சைக்கிள் சாமான் இருக்கு? அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்துட்டு பதிலை கமெண்ட்ல எழுதுங்க.