நன்னடத்தைக்கு மதிப்பெண்ணா?

திருத்தணி மலையின் 365 படிகளை ஏறிச் செல்லும் அடியார்களை நாள்தோறும் காண்கிறேன். படிக்கொரு காசு என்று எவரேனும் வழங்கத் தொடங்கினால் ஏறுவோர் தொகை பெருகும்; பக்தி பெருகுமா? நம் சிறைகளின் பரிசு முறையைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இக்கேள்வியே என் முன் நிற்கிறது.

கைதிகளுக்கு மதிப்பெண் வழங்கி, அதற்கேற்பத் தண்டனைக் காலத்தைச் சுருக்கும் விதிகளையே 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் ‘தண்டனைக் கழிவு முறை’ என வரையறுத்தது. அச்சட்டத்தின் 46ஆம் பிரிவோ, குற்றம் கண்டால் அச்சலுகையைப் பறிக்கும் அதிகாரத்தைச் சிறைக் கண்காணிப்பாளருக்கு அளித்தது. 2023இல் ஒன்றிய உள்துறை மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சட்டமும் பரோலையும் முன்விடுதலையையும் நன்னடத்தைக்குரிய ஊக்கமாகவே காண்கிறது.

சாட்டையினும் பரிசு மேலன்றோ எனச் சிலர் வினவலாம். மெய்தான். 1840இல் நார்போக் தீவுச் சிறையில் மதிப்பெண் முறையைப் புகுத்திய அலெக்சாண்டர் மெக்கனோக்கி, கொடுமைக்கு மாற்றாகவே அதைக் கருதினார். ஆனால் பரிசே சாட்டையாகிவிட்டால்? உணவு கெட்டுவிட்டது என்று முறையிடும் கைதி நல்லவனா, வாய்மூடி உண்பவன் நல்லவனா? ஏடு அதிகாரியின் கையில் இருக்கும்வரை, பின்னவனே நல்லவனாக எழுதப்படுவான்.

ஆயுள் கைதியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சேர்த்த கழிவு நாட்கள் அவருக்குத் தாமாகவே விடுதலை தந்துவிடா என்று கோபால் கோட்சே வழக்கில் 1961இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடுவிப்பது அரசின் முடிவு. செல்லுமோ செல்லாதோ என்றறியாத நாணயத்தை ஆண்டுக்கணக்கில் சேர்க்கச் சொல்வது எவ்வகை நீதி?

முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு மதிப்பெண் இட்டவன் நான். மனனம் செய்தவனை அது காட்டும்; மனம் திருந்தியவனைக் காட்டாது. புகாரீ நூலின் முதல் ஹதீஸே நிய்யத்தைப் பற்றியது. கூலிக்காகக் காட்டும் ஒழுக்கத்தை ‘ரியா’ எனலாம், ‘தவ்பா’ எனலாகாது.

கழிவை ஒழிக்குமாறு நான் கோரவில்லை. ஒரு நாள் முன்னதாகத் தந்தை வீடு திரும்பினாலும் அது அருளே. ஆனால் குடும்பத்தைக் காண்பதும், கற்பதும், நல்லுணவும் பரிசுகள் அல்ல, உரிமைகள். உழைத்த நாளுக்குரிய கழிவு உரிமையாகவே சேரட்டும். அதைப் பறிப்பதாயின் காரணத்தை எழுதிக் கைதியிடம் கொடுக்கட்டும். சிறைக்கு வெளியிலுள்ள நீதிபதி ஒருவர் அதை ஆராயட்டும். ஆயுள் கைதிக்கு விடுதலை மறுக்கப்பட்டாலும் அவ்வாறே செய்யட்டும்.

உள்ளத்தை எடைபோடும் தராசு இறைவனிடம் உள்ளது. சிறை அலுவலகம் நாட்களை நேர்மையாக எண்ணினால் போதும்.