புதுச் சைக்கிளின் முதல் மாதம்

ஆயக்குடி என்றதும் கொய்யா நினைவுக்கு வருவது இயல்பு. நாம் இங்கே பேசவிருப்பது, அவ்வூரில் மாடிப்படிகளுக்கு அடியில் சாத்திவைக்கப்பட்டிருக்கும் கியர் சைக்கிள்களைப் பற்றி. வாங்கி மூன்று மாதம்கூட ஆகியிராது. பையன் மறுபடியும் பேருந்தில் கல்லூரிக்கு வரத் தொடங்கியிருப்பான். காரணம் கேட்டால் கிடைக்கும் விடை ஏறக்குறைய ஒன்றே: "கியர் சரியா விழ மாட்டேங்குதுங்க." வண்டி மட்டம் என்று வீட்டார் தீர்ப்பெழுதி முடித்திருப்பர். நமது அபிப்பிராயம் வேறு. அந்த வண்டியைக் கடைக்காரர் பாதிதான் விற்றிருக்கிறார். மீதிப் பாதி கடையிலேயே தங்கிவிட்டது.

பழைய ஒற்றைப்பல் சைக்கிள் பொறுமைசாலி. செயின் நேர்கோட்டில் ஓடும். சற்றுத் தொய்ந்தாலும் மன்னிக்கும். மலைச் சைக்கிளில் செயின் பக்கவாட்டிலும் நகர வேண்டும். ஏழு பற்சக்கர அடுக்கில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்தான் தூரம். முற்காலக் கியர் வண்டிகளில் நெம்புகோலுக்குக் 'கிளிக்' என்ற ஒலியே கிடையாது. செயினின் கரகரப்பைக் காதால் கேட்டு, ஓட்டுபவரே அதை இடத்தில் அமர்த்த வேண்டும். 1984இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் தன் உயர்தரக் கியர் வரிசையில் கிளிக் முறையைக் கொண்டுவந்தது. ஓட்டுபவரின் காது செய்த வேலை அதன்பின் ஒரு மெல்லிய கம்பியின் இழுவிசைக்குப் போயிற்று. இதை விளங்கிக்கொண்டால் பாதி நோய் விளங்கிவிடும். செயின் எங்கே நிற்கிறது என்பது கிளிக்குக்குத் தெரியாது. குறித்த அளவு கம்பியை இழுப்பது மட்டுமே அதன் தொழில். கம்பி ஒரு மில்லிமீட்டர் தளர்ந்தால் எல்லாக் கிளிக்கும் பொய் சொல்லும்.

புதுக் கம்பி தளரவே செய்யும். அதன் உறையின் முனைகள் குப்பிகளில் அழுந்தி அமர்வதற்குச் சில நாள் ஓட்டம் தேவை. அமர்ந்த பிறகு, பெரிய பல்லுக்கு ஏற மறுத்துச் செயின் கடகடக்கிறது. அழுத்தி மிதித்தால் வழுக்குகிறது. மருந்து எளிது. செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் அந்தத் தொங்கும் கையில் (டீரெய்லர் என்பார்கள்) கம்பி நுழையும் இடத்தில் ஒரு திருகு குமிழ் இருக்கும். வண்டியின் பின்னால் நின்று பார்க்கையில் இடஞ்சுழியாகக் கால் சுற்று, போதாவிட்டால் இன்னொரு கால் சுற்று. சிறிய பல்லுக்கு இறங்கத் தயங்குமானால் வலஞ்சுழியாக. கருவி எதுவும் வேண்டாம்.

நடைமுறையில் என்ன நிகழ்கிறது? எச், எல் என்று எழுதிய இரண்டு திருகுகள் கண்ணில் படுகின்றன. ஸ்குரூடிரைவர் நேரே அவற்றுக்குத்தான் போகிறது. அவை வேலிக்கற்கள். செயின் ஒருபுறம் சட்டத்தின் பக்கமும் மறுபுறம் ஸ்போக்ஸ் பக்கமும் விழாமல் தடுப்பதோடு அவற்றின் கடமை முடிந்தது. வரப்புத் தகராறுக்கு வேலியை நகர்த்திய கதையாக, முன்பு ஒரு நோயாக இருந்தது இப்போது இரண்டாகிறது.

குமிழுக்கும் அடங்காத நோய் ஒன்றுண்டு. டீரெய்லர் தொங்கும் அலுமினியக் காது, அடிபட்டால் சட்டத்தைக் காப்பதற்காகத் தான் வளைந்து கொடுக்கும்படி மென்மையாகவே செய்யப்படுவது. பெட்டியில் அடைத்து லாரியில் வரும் வழியிலேயே அது வளைந்திருக்கலாம். பின்னாலிருந்து பார்த்தால், தொங்கும் இரு குட்டிச் சக்கரங்களும் மேலுள்ள பல்லுக்கு நேர்கீழே இல்லாமல் சாய்ந்து தெரியும். அதை நிமிர்த்த அதற்குரிய அளவுகோல் வேண்டும். கையால் வளைப்பது உசிதமன்று. ஒரே சீரான இடைவெளியில் செயின் துள்ளினால் விறைத்த கண்ணி ஒன்று இருக்கிறதென்று பொருள். பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கிராங்கு முனகினால் அன்றே இறுக்கிவிட வேண்டும். தளர்ந்த இடக் கிராங்கோடு ஓட்டினால் அதன் சதுரத் துளை தேய்ந்து, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

இவையெல்லாம் அற்ப விஷயங்கள்தாமே என்று வாசகர் கருதலாம். சமவெளியில் அப்படித்தான். ஆனால் ஆயக்குடிப் பிள்ளைகள் வரதமாநதி அணையோடு திரும்பிவிடுவதில்லை. அதற்கு அப்பால் கொடைக்கானல் சாலை மலையேறத் தொடங்குகிறது. பழனியிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டரில் 1,700 மீட்டருக்கு மேல் ஏற்றம். மலையில் கைகொடுப்பது பின்னே உள்ள மிகப் பெரிய பல். எல் திருகு தவறியிருந்தாலோ காது உட்புறம் வளைந்திருந்தாலோ, அந்தப் பல்லில்தான் செயின் ஸ்போக்ஸுக்குள் விழும். டீரெய்லர் முறியும், பேருந்து பின்னால் வந்துகொண்டிருக்கும் கொண்டை ஊசி வளைவில் வண்டி சட்டென்று நின்றுபோகும்.

பழுது பார்க்கும் அண்ணன்களைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. 2005-06 முதல் அரசு மேல்நிலை வகுப்பு மாணவருக்குத் தந்த விலையில்லாச் சைக்கிள்கள் ஒற்றைப்பல் வண்டிகள். அவர்கள் கை பழகியது அதில். வண்டியோடு வரும் குறிப்பேட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றால், நாம் கண்டவற்றில் ஒன்றில்கூடத் தமிழ் இல்லை. சொல் இல்லாமலா? கோட்டம் எடுத்தல், மரை, பால்ரஸ், ஓவராயில் என்று சைக்கிள் கடை ஓர் அகராதியையே வைத்திருக்கிறது. (ஓவராயில் ஆங்கிலச் சொல்லின் சிதைவு என்று முகம் சுளிக்கும் நண்பர்கள், அதற்கு ஈடாக ஆக்கிய சொல்லை எந்தக் கடையிலாவது ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.) 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தையும் சைக்கிளையும் சேர்த்தே பெண்களிடம் கொண்டுசென்றது. அந்த மரபுள்ள மாநிலத்தில் எட்டுப் பக்கத் தமிழ்க் குறிப்பேடு கேட்பது பேராசையாகாது.

அது வரும்வரை வாங்குபவர் ஒன்று செய்யலாம். பணம் கொடுக்குமுன் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, பின்னால் நின்றுகொண்டு, எல்லாப் பல்லுக்கும் செயினை ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்துக் கம்பியை மறுபடி இலவசமாக இழுத்துக் கட்டித் தருவதாக ரசீதின் பின்புறத்தில் எழுதி வாங்குங்கள்.